கிரிவலம்: வலக்காதில் மலை

கிரிவலத்தில் அண்ணாமலை எப்போதும் வலப்பக்கம். ராஜகோபுரத்தில் கிளம்பி, எட்டுத் திக்கு லிங்கங்களையும் கும்பிட்டுத் திரும்பும் 14 கி.மீ. முழுவதும் இது மாறாது. வழியில் கேட்கும் ஒலிகளைப் பதிய விரும்புபவர்களுக்கு இது வசதி: ஒலிப்பதிவுக் கருவியின் மைக்கை நடக்கும் திசைக்கு நேராகப் பிடித்தால், ஸ்டீரியோவில் வலது தடம் மலைக்கு, இடது தடம் ஊருக்கு என்று பிரிந்துவிடும். மைக்கைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் இடம் மாறும். பலருக்கும் வீட்டுக்குப் போய்க் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

பௌர்ணமி இந்தப் பதிவுக்கு ஆகாது. கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஒரே இரைச்சலாகத்தான் பதிவாகும். சாதாரண வார நாளில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பலாம். தரையை ஒட்டிய காற்று அப்போது குளிர்ந்திருப்பதால் ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளையும். தூரத்து மணியோசைகூடத் தெளிவாக வந்து சேரும். வெயில் ஏறினால் அது போய்விடும்.

கருவியில் வைக்க வேண்டிய தர அளவு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு. இந்த அளவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அமைதியான இடத்தில் கருவி தானாகவே ஒலியை ஏற்றி, வெறும் உஸ் சத்தத்தைப் பெரிதாக்கும். மைக்குக்கு ரோம உறை கட்டாயம் வேண்டும். பஞ்சு உறை லேசான காற்றுக்கு மேல் தாங்காது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம். கைபேசியில் பதிபவர்கள் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

வெறுங்காலோடு நடப்பது இங்கே பக்திக்கும் பதிவுக்கும் பொருந்திவருகிறது, செருப்புச் சத்தம் இல்லை. ஆனாலும் நடந்துகொண்டே பதிந்தால் கை உரசல் கேட்கும். நின்று, அரை நிமிடம் காதால் மட்டும் கேட்டு, பிறகு மூன்று நிமிடம் பதியுங்கள். தொடக்கத்தில் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிட்டால் பின்னால் தேட வேண்டாம். பெரிய எதிரி, பூஜைச் சாமான் வாங்கிய பிளாஸ்டிக் பைதான்! துணிப்பை கொண்டுபோங்கள்.

செங்கம் சாலையில் பேருந்து இரைச்சல் ஓயாது. ரமணாசிரமத்தருகே மயில் அகவினாலும் அதன்மேல் ஒரு ஹாரன் விழும். பெரிய வண்டிகள் நேரே போக, கிரிவலப் பாதை வலப்பக்கம் திரும்பும். அதற்குப் பிறகுதான் காது திறக்கிறது. கரிச்சான் குருவி விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும், செண்பகப் பறவையின் 'ஊப் ஊப்' புதருக்குள்ளிருந்து வரும். சித்தர்கள் மலையோரமாக வலம் வருவதாக நம்பிக்கை. அவர்களுக்கு வழிவிட்டு இடது ஓரமாக நடப்பது மரபு. அதனால் மலைக்கும் மைக்குக்கும் நடுவே சாலை இருக்கிறது. ஒரு பைக் வந்தாலும் வலது தடம் போச்சு. கடந்துபோகும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

லிங்கச் சன்னதிகளில் மணி அடிக்கும் நொடியில் ஒலி சட்டென்று எகிறி, பதிவு கரகரத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி வாசலுக்கு வெளியே நில்லுங்கள். சுற்றுப்புற ஒலி கருவியின் மீட்டரில் −24 டெசிபல் அளவில் நிற்கும்படி வைத்தால் மணிக்கு இடம் கிடைக்கும். தீபாராதனை நேரத்தில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைகூப்புவதே முறை.

குறுகிய இடுக்கு வழியுள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலில் உடம்பை ஒருக்களித்து நுழைபவர்களின் மூச்சும், துணி கல்லில் உரசுவதும் நெருக்கமாகக் கேட்கும். அந்நியரின் மூச்சு அது, அனுமதி கேட்டுவிட்டுப் பதியுங்கள். ஈசான்ய லிங்கத்துக்கு அருகில் சுடுகாடு. பறையொலி கேட்டால் நிறுத்திவிடுங்கள்.

அண்ணாமலையார் பெரிய கோயிலுக்குள் பதிவே வேண்டாம். தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கருவியை வெளியே ஒப்படைக்கும் முன் கோப்புகளை இன்னொரு அட்டையில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.