பழைய பனியனுக்குப் புதுக் கலர்

வெளுத்துப்போன வெள்ளை பனியனைத் தூக்கிப் போடாதீங்க, சாயம் போடுங்க. முழுப் பருத்தியா இருக்கணும். இதுக்குப் போடுற ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோட வேதியியல் முறையில ஒட்டிக்கிற சாயம்) பாலியஸ்டர்ல பிடிக்காது. தையல் நூல் மட்டும் வெள்ளையாவே நிக்கிறதும் பெரும்பாலும் அதனாலதான்.

முதல்ல கஞ்சி போக அலசுங்க. 4 லிட்டர் தண்ணில 200 கிராம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்; சமையல் சோடா இல்ல!) கரைச்சு 20 நிமிஷம் ஊறவச்சுப் பிழியுங்க. சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, சாயத்தை ஊத்துங்க. கையுறை கட்டாயம். மஞ்சளும் நீலமும் கலந்தா அழகான பச்சை. சிவப்பும் பச்சையும் கலந்தா சாணிக் கலர்தான்.

உடனே வெயில்ல காயப்போட்டா கெட்டுது கதை. ஈரம் போச்சுன்னா சாயம் பிடிக்கிறது நின்னுடும். பிளாஸ்டிக் பையில கட்டி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் பச்சைத் தண்ணில அலசி, அப்புறம் சுடுதண்ணில. முதல் ரெண்டு துவையல் தனியா.