லெஸ்டர் ஆஃபரும் அவருடைய "வேண்டாம்"-உம்

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து இங்கிலாந்தின் லெஸ்டரில், அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்-இல் வேலைக்கு ஆஃபர் வந்தது. அதுவரை "பார்க்கலாம்" என்று சொல்லிவந்த என் கணவர், கடிதத்தைப் படித்ததும் "வேண்டாம்" என்றார்.

ஏன் என்று கேட்டால் நாளுக்கு ஒரு காரணம் வந்தது. குளிர், வாடகை, பையனின் தமிழ். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2025-26 அட்டவணைப்படி, புது நர்ஸ்கள் சேரும் பேண்ட் 5 நிலையின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. பிடித்தம் போக மாதம் இரண்டாயிரத்தை ஒட்டித்தான் கைக்கு வரும், அதில் பாதி வாடகைக்கே போய்விடும். ஆனால் நர்ஸ் விசா என்பதால், விசாவோடு பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று கட்டும் சுகாதாரக் கட்டணம் எங்களுக்குக் கிடையாது. இதையெல்லாம் கேட்டும் அவர் அசையவில்லை.

ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "அங்க வந்து நான் என்ன பண்ணப்போறேன்? உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடவா?" என்றார். பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவர். தெருவில் நடந்தால் பழைய மாணவர்கள் வண்டியை நிறுத்திப் பேசுவார்கள். துணை விசாவில் போனவர்கள் பலர் கிடங்கில் பெட்டி அடுக்குவதை அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். அந்தப் பயத்துக்கு முன்னால் என் பவுண்டு கணக்கு எப்படி எடுபடும்?

அப்புறம்தான் சரியான இடத்தில் தேடினேன். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர்களும் இங்கிலாந்தின் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். பி.எட். சான்றிதழ், அனுபவச் சான்று என்று அவரே ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடம் கணக்கு என்று படித்ததும் முகத்தில் ஒரு தெளிவு.

மிச்சம் இருந்தது அத்தை, அவருடைய அம்மா. விசிட் விசாவில் வந்தால் ஒருமுறைக்கு ஆறு மாதம் வரைதான். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் வழி 2012-இல் விதிகள் இறுகியதிலிருந்து அநேகமாக அடைபட்டுக் கிடக்கிறது. இதை எந்த ஏஜென்டும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் மறைக்காமல் அத்தையிடம் சொன்னோம். இரண்டு வேளையும் அவருக்கு இன்சுலின் போடுவது நான்தான். "ஏன்டா, எனக்குக் கை இல்லயா?" என்று மகனைக் கேட்டபடி இன்சுலின் பேனாவை வாங்கினார். இரண்டு யூனிட் வெளியே தள்ளிப் பார்த்து, அளவைத் திருகி, வயிற்றில் போட்டு, பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுத்தார். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே படித்திருக்கிறார்! திருமங்கலத்தில் இருக்கும் நாத்தனாரும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

நான் முதலில் போவது, அங்கே நர்ஸாகப் பதிவுபெற எழுதும் ஓஎஸ்சிஇ செய்முறைத் தேர்வை முடிப்பது, பள்ளி ஆண்டுத்தேர்வு முடிந்ததும் அவரும் பையனும் வருவது என்று பேசிக்கொண்டோம். ஒப்பந்தத்தை இருவரும் வரிவரியாகப் படித்தோம். இரண்டு ஆண்டுக்குள் விலகினால் அவர்கள் எனக்காகச் செய்த செலவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான (பிஆர்) ஐந்து ஆண்டுகளைப் பத்தாக்கும் யோசனை பிரிட்டிஷ் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் இருக்கிறது. அதனால் பிஆரை நம்பி எதையும் திட்டமிடவில்லை. இரண்டு ஆண்டு முடிவில் அவருக்கு அங்கே வகுப்பறை கிடைக்கவில்லை என்றால் திரும்பிவிடுவோம். இது நான் கொடுத்த வாக்கு.

இப்போது டிபி பரிசோதனைக்கு அவர்தான் அவசரப்படுகிறார். சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால், விசா விண்ணப்பிக்கும் நேரத்தில் எடுக்கலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.