சாப்பாட்டு மேசையில் ஒரு படகு

மூணு நாளா எங்க சாப்பாட்டு மேசையில ரிசீவர் (சிக்னல் வாங்குறது), சர்வோ (சுக்கானைத் திருப்புறது), இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துறது), மோட்டார், பேட்டரின்னு என் ரிமோட் படகோட குடல் மட்டும் பரப்பிக் கிடக்கு. படகு இன்னும் பரண் மேல.

போன தடவை எல்லாத்தையும் உள்ள ஒட்டி, டெக்கையும் மூடினப்புறம்தான் சர்வோ செத்தது தெரிஞ்சுது. டெக்கை அறுத்துத்தான் எடுத்தேன். அதான் இந்தத் தடவை எல்லாம் வெளியிலயே.

முதல்ல டிரான்ஸ்மிட்டர், அதாவது கையில இருக்கற ரிமோட் ஆன், அப்புறம் படகு பேட்டரி. அணைக்கும்போது தலைகீழா. சர்வோ நடுவுக்கு வந்தப்புறம்தான் அதோட கையான ஹார்னை மாட்டணும், இல்லேன்னா சுக்கான் கோணிக்கும். கடைசிவரை திருப்பிப் பார்த்தா இடது ஓரத்துல 'கிர்ர்'. உள்ள கியர் பல்லு போச்சு! மோட்டார் சுத்துறப்ப சர்வோ வேற நடுங்குச்சு. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சால்டர் பண்ணினதும் அடங்கிடுச்சு.

கடைசியா, மோட்டார் ஓடிட்டிருக்கும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைச்சேன். மோட்டார் நிக்கவே இல்ல. சிக்னல் போனா மோட்டார் என்ன செய்யணும்ங்கற ஃபெயில்சேஃப் முழு வேகத்துல பதிவாகியிருக்கு! இது ஏரி நடுவுல நடந்திருந்தா? எனக்கு நீச்சலும் தெரியாது.

த்ராட்டிலை (வேகக் குச்சியை) நடுவுல, அதாவது நிக்கற இடத்துல வச்சு, ரிமோட்டையும் ரிசீவரையும் மறுபடி பைண்ட் பண்ணி ஜோடி சேர்த்தேன். இப்ப நிக்குது.

புது சர்வோ வர்ற வரைக்கும் வீட்டுல எல்லாருக்கும் தட்டு மடியிலதான்.