ஆயத்துறையில் ஒரு நாற்காலி

எங்கள் திருச்சபையில் ‘அழைப்பு’ என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான் வழங்கி வந்தது: வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது. 1984ஆம் ஆண்டு, கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, ஒரு கன்வென்ஷன் கூட்டத்தின் நிறைவு இரவில் அர்ப்பணிப்புக்காக எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டே அப்பா இறந்துவிட்டார். அவர் வருவாய்த்துறையில் இருந்தவர் என்பதால் கருணை அடிப்படையில் எனக்கு இளநிலை உதவியாளர் பணி கிடைத்தது. தங்கைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்த வீட்டில் அதை மறுப்பது பற்றிப் பேசவே இடமிருக்கவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தின் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல், அழைப்பைத் தவறவிட்டவன் என்றே என்னை எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணம் எனக்குச் செய்த தீங்கு பெரிது. கர்த்தருடைய வேலை எங்கோ வேறிடத்தில் நடக்கிறது என்று நம்பியதால், என் மேஜையில் நடப்பதற்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்றேன். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பிரிவில் ஒருவர் அந்த வாரத்து வரவைப் பிரித்து, என் பங்கை ஓர் உறையில் போட்டு இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் போவார். நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டு வாங்காத பணம் லஞ்சமாகாது என்று பத்து ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்நாட்களில் அங்கே தவறு எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது சத்தமில்லாமல் நடப்பது. ஒரு பெண் தன் கணவர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுப்பாள். மனுவுக்குத் தபால் பிரிவில் எண் இடுவார்கள். அது பகிர்மானப் பதிவேடு வழியாக என் தன்பதிவேட்டுக்கு, அதாவது என் பொறுப்பிலுள்ள மனுக்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக்கு, வரும். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் வருவாய் ஆய்வாளரின் விசாரணையும் வந்து சேர்ந்ததும் நான் குறிப்பெழுதி வட்டாட்சியரின் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். இந்த வழியில் யாரும் அவளிடம் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. கோப்பு அடுக்கின் அடிக்குப் போய்விடும், அவ்வளவுதான். அதை மேலே கொண்டுவருவதற்குத்தான் பணம். நான் பொய்யாக ஒரு வரியும் எழுதியதில்லை. அடியில் கிடந்த கோப்பை அடியிலேயே கிடக்கவிட்டேன்.

1996ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், வீட்டு ஜெபத்தில் மத்தேயு 9ஆம் அதிகாரத்தை வாசிக்கும் முறை என்னுடையதாயிற்று. ‘ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயு என்னும் ஒரு மனுஷனைக் கண்டு: எனக்குப் பின்சென்றுவா என்றார்’ என்ற வசனத்தில் என் குரல் நின்றுவிட்டது. சிறு வயது முதல் கேட்ட வசனம்தான். ஆனால் ஆயத்துறை என்பது வரி வாங்கும் ஓர் அலுவலகம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கப்பர்நகூம், ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப்பகுதி முடிந்து பிலிப்புவின் பகுதி தொடங்கும் எல்லைக்கு அருகில் இருந்த ஊர்; சரக்கு போகும் வழியில் மேஜை போட்டு, வருகிறவர்களை நிறுத்தி வரி வாங்கிய மனிதர் மத்தேயு. கலிலேயா ஏரியின் மீன்காரர்களும் அவரிடம் பணம் கட்டியிருக்கக்கூடும். இயேசு அவரை ஜெப ஆலயத்தில் சந்திக்கவில்லை. பணம் கைமாறுகிற அந்த மேஜைக்கே வந்தார்.

அன்றிரவே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மத்தேயு எழுந்து போனார், நானும் எழுந்துவிட வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி. கடிதத்தை எடுத்துக்கொண்டு, எனக்குத் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு) கொடுத்த வயதான குருவானவரிடம் போனேன். அவர் அதைப் படித்துவிட்டு, “தம்பி, இயேசு மத்தேயுவை எந்திரிச்சு வரச் சொன்னாரு. சகேயுவும் வரி வாங்குனவன்தான், அவன் வீட்டுக்கு அவரே போனாரு. ரெண்டு பேரையும் கூப்பிட்டது ஒருத்தர்தானே?” என்றார். பிறகு லூக்கா 3ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரரிடம், அதாவது வரி வாங்குகிறவர்களிடம், யோவான் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றுதான் சொன்னார்.

விட்டுவிட்டுப் போவது எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். போயிருந்தால் ஜனங்கள் என்னைப் பாராட்டியிருப்பார்கள். நான் வாங்கிய பணம் வாங்கியபடியே இருந்திருக்கும். சகேயு செய்ததுதான் கடினமானது. யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றார் அவர். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது பழைய ஏற்பாட்டின் சட்டமாகிய நியாயப்பிரமாணம். ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலத்தனை. சகேயு தனக்குத் திருடனின் கணக்கையே போட்டுக்கொண்டார்.

பழைய தன்பதிவேடுகளைப் புரட்டி, பணம் கொடுத்தார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த 31 பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். எங்கள் பிரிவில் எதற்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். முதலில் போனது ஒரு விதவைத் தாயின் வீட்டுக்கு. கணவர் அஞ்சலகத்தில் சேமித்திருந்த பணத்தை எடுப்பதற்காகச் சான்றிதழ் கேட்டவர். ஓர் ஆட்டை விற்று 300 ரூபாய் கொடுத்திருந்தார். நான் 1,200 ரூபாயை அவர் கையில் வைத்து, யார் என்று சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“அப்போ அந்தச் சர்ட்டிபிகேட்டு செல்லாதா ஐயா?”

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காரியமும் திரும்பிப் போய்விடும் என்று அவர் பயந்தார். அவருக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருந்த பாடம் அது. டிரங்குப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சான்றிதழை எடுத்து வந்தார். முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருக்கின்றன என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகே நம்பினார். “பின்னே எதுக்குத் துட்டைத் திருப்பித் தாரீய?” என்று கேட்டார். வழியெல்லாம் நான் ஆயத்தம் செய்து வந்த வசனங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. “அது உங்க பணம், அம்மா. நாங்க வாங்கியிருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன். அவர் 300 ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளிவிட்டார்: “என் துட்டு இவ்வளவுதான்.”

அந்த 900 ரூபாயோடு பஸ்ஸில் திரும்பும்போது, நாலத்தனை என்பதை நான் அவருக்காகக் கொண்டுபோனேனா, எனக்காகவா என்று நெடுநேரம் யோசித்தேன். கொடுத்துத் தீர்த்துவிட்டோம் என்ற மனநிறைவை அவர் எனக்குத் தரவில்லை. சீஷன் என்றால் கற்கிறவன். அன்று நான் அந்த அம்மாவிடம் கற்றேன்.

உறையை மறுத்ததால் அலுவலகத்தில் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. டீ குடிக்கப் போகும்போது என்னைக் கூப்பிடுவது நின்றது. சில மாதங்களில் பதிவறைக்கு மாற்றினார்கள். அரசு வேலையில் இப்படி இருக்க முடியாது என்று நண்பர்கள் சொன்னபோதெல்லாம், முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்துகொண்டே கைக்கூலியைக் கண்டித்துத் தம் நீதிநூலில் பாடிய வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். அவரும் கிறிஸ்தவர், நாற்காலியில் இருந்தபடியே பின்சென்றவர்.

சிலுவையை ‘அனுதினமும்’ எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற சொல் லூக்காவில் மட்டுமே வருகிறது. மத்தேயுவிலும் மாற்குவிலும் அது இல்லை. 1984இல் நான் ஓர் இரவில் எழுந்து நின்றதை அழைப்புக்குக் கொடுத்த முழுப் பதில் என்று எண்ணியிருந்தேன். பிற்பாடு, ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குத் தன்பதிவேட்டைத் திறக்கும்போது அதே கேள்வி மறுபடியும் வந்தது. சில நாட்கள் சோம்பலால், சில நாட்கள் மேலதிகாரிக்குப் பயந்து தவறான பதில் சொன்னேன்.

ஓய்வுபெற்ற பின்னும் அந்த 31 பெயர்கள் எழுதிய தாள் என் வேதாகமத்தில் லூக்கா 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். 12 பெயர்களுக்கு எதிரே இன்னும் கோடு போடவில்லை. அவர்களில் ஒருவருடைய மகன் பக்கத்து ஊர் அரிசி ஆலையில் வேலை செய்வதாகப் போன வாரம் தெரியவந்தது. வருகிற சனிக்கிழமை அங்கே போகவிருக்கிறேன்.