பேட்டன் படமும் அந்த டெண்டுக்குள்ள விழுந்த அடியும்

பேட்டன் படம் பாத்த ஆக்களிட்ட கேட்டா கனபேர் முதல் ஆறு நிமிசத்தைப் பத்தித்தான் கதைப்பாங்க. திரை முழுக்க அமெரிக்கக் கொடி, அதுக்கு முன்னால நெஞ்சு நிறைய மெடல் குத்திக்கொண்டு ஒரு மனுசன் வந்து நிண்டு சல்யூட் அடிச்சிட்டுப் பேசத் தொடங்குவார், கேட்டுக்கொண்டு நிக்கிற பட்டாளத்தை ஒருக்காலும் காட்டமாட்டாங்க. நல்ல சீன்தான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா மட்டக்களப்பில இருந்து பாக்கிற எனக்கு, இத்தாலியின்ட சிசிலித் தீவில ஆசுபத்திரி டெண்டுக்குள்ள நடக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் முழுப்படமும்.

பாக்காத ஆக்களுக்கு ஒருக்கா சொல்லிட்டுப் போறன். 1970ல வந்த படம், ரெண்டாம் உலக யுத்தத்தில வட ஆபிரிக்கா, சிசிலி, பிரான்ஸ் எண்டு அடிச்சுக்கொண்டு போன அமெரிக்க ஜெனரல் ஜோர்ஜ் பேட்டன்ட கதை. பிராங்க்ளின் ஷாஃப்னர் டைரக்ட் பண்ணினது, திரைக்கதை எழுதின ரெண்டு பேரில ஒராள் கொப்பொலா, காட்ஃபாதர் எடுக்கிறதுக்கு முந்தி. பேட்டனா நடிச்சது ஜோர்ஜ் சி. ஸ்கொட், படத்துக்கு 7 ஒஸ்கார் கிடைச்சுது, அதில சிறந்த நடிகர் விருதை மனுசன் வேணாமெண்டுட்டார். அனேகமா எல்லாம் ஸ்பெயின்ல எடுத்தது, டாங்கியெல்லாம் ஸ்பெயின் ஆமிக்காரங்கட, அதால ஜெர்மன் டாங்கி எண்டு காட்டுறதும் யுத்தம் முடிஞ்ச பிறகு செஞ்ச அமெரிக்க டாங்கிதான், டாங்கி தெரிஞ்ச ஆக்கள் இதுக்குச் சண்டைக்கு வருவாங்க, எனக்கு அது பெரிசாப் படல்ல. ஜெரி கோல்ட்ஸ்மித்ட மியூசிக்கைத்தான் சொல்லணும், ட்ரம்பட் சத்தம் திரும்பத் திரும்ப எதிரொலிச்சு மங்கிப் போகும், பேட்டன் தனக்கு முன்சென்மம் இருந்தது, பழைய யுத்தங்கள்ல எல்லாம் தான் நிண்டது எண்டு நம்பின ஆள், அந்தச் சத்தம் அப்பிடி எங்கயோ பழைய காலத்தில இருந்து வாற மாதிரியே இருக்கும்.

ரெண்டாம் உலக யுத்தம் வெள்ளக்காரங்கட கதை, எங்களுக்கு என்ன எண்டு கேக்கிற ஆக்களும் இருக்காங்க. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாட்ட ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் இப்பவும் எங்கட கடலுக்குள்ளதான் கிடக்கு, 300க்கு மேல ஆக்கள் அதோட போனாங்க.

சரி, டெண்டுக்கு வாறன். பேட்டன் காயக்காரங்களைப் பாக்க வாறார். ஒவ்வொரு கட்டிலா நிண்டு கதைச்சுக்கொண்டு வாறார், முகமெல்லாம் கட்டுப் போட்ட ஒரு பெடியனுக்குப் பக்கத்தில முழங்கால்ல இருந்து மெடல் வைக்கிறார், பாத்துக்கொண்டிருக்கிற எங்களுக்கே கண் கலங்கும். அங்கால திரும்பினா ஒரு பெடியன் காயம் ஒண்டும் இல்லாமக் குந்திக்கொண்டிருக்கான். உனக்கு என்ன எண்டு கேட்டா, நரம்பு எண்டுறான், செல்லடிய இனித் தாங்க ஏலா எண்டு அழுறான். அவ்வளவுதான், கையுறையோட விழுது அடி. கோழை, இந்த வீரன்களுக்கு முன்னால உனக்கு இடமில்ல, இவனை முன்னுக்கு அனுப்புங்க எண்டு கத்துறார். ஒரு நிமிசத்துக்கு முந்தி முழங்கால்ல இருந்த அதே மனுசன். ஸ்கொட்ட முகத்தைப் பாத்தா அந்த இரக்கத்திலயும் நடிப்பு இல்ல, இந்தக் கோபத்திலயும் நடிப்பு இல்ல, ரெண்டும் அந்த ஆளுக்கு உண்மைதான் எண்டு தெரியும். அதுதான் பயம்.

உண்மையில இது ரெண்டு தரம் நடந்தது, 1943 ஓகஸ்ட் 3 ஒண்டு, ஓகஸ்ட் 10 ஒண்டு, படத்தில ஒண்டாக்கிட்டாங்க. முதல் அடி வாங்கின பெடியனைப் பிறகு டொக்டர்மார் பாத்தா மலேரியாக் காய்ச்சல். ரெண்டாவது ஆள் வட ஆபிரிக்காவில இருந்தே சண்டை பிடிச்சுக்கொண்டு வந்தவன், கூட்டாளி காயப்பட்ட பிறகு கை கால் நடுங்கத் தொடங்கிட்டு, அப்பவும் என்னை யூனிட்டை விட்டு அனுப்பாதீங்க எண்டு கெஞ்சின ஆள். பேட்டனுக்கு மேல இருந்த ஜெனரல் ஐசன்ஹோவர் மன்னிப்புக் கேக்கச் சொல்லி பேட்டனும் கேட்டார், பத்திரிகைக்காரங்க தெரிஞ்சும் எழுதாம இருந்து நவம்பர்லதான் விசயம் அமெரிக்காவில வெளிய வந்தது. முதல் அடி வாங்கின ஆள் பிறகு என்ன சொன்னார் தெரியுமா, அந்த நேரம் ஜெனரலுக்கும் அதே யுத்தக் களைப்பு கொஞ்சம் இருந்திருக்கும் எண்டு. அடி வாங்கினவன் அடிச்சவனுக்கும் சேத்து வருத்தத்தைக் கண்டுபிடிச்சிருக்கான்.

எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணன் இருந்தார். கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தினா சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கோப்பையை அப்பிடியே விட்டிட்டுக் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திருவார், சோறு எல்லாம் நிலத்தில கிடக்கும், ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டு வெடி முடிஞ்சும் வெளிய வரமாட்டார். சனம் என்ன சொன்னது, சோம்பேறி, வேலைக்குப் போக விருப்பமில்லாம நடிக்கிறான் எண்டு. நூல் கட்டினாங்க, தண்ணி ஓதிக் குடுத்தாங்க. அவர்ட அப்பாவே ஒருக்கா கை நீட்டிட்டார், ஆம்பிள மாதிரி இருடா எண்டு. மறுகா ஆரோ சொல்லி கிளினிக்குக்குக் கூட்டிப் போய் மருந்து எடுக்கத் தொடங்கின பிறகுதான் இரவில நித்திரை எண்டு ஒண்டு வந்தது. இப்பிடி ஒராள் இல்லாத ஒழுங்கை எங்கட பக்கத்தில இருக்கா எண்டு எனக்குத் தெரியல்ல. அதால அந்த டெண்டு சீன் வாற நேரம் நான் ஜெனரலைப் பாக்கிறல்ல, குந்திக்கொண்டிருக்கிற பெடியனைத்தான் பாக்கிறன், படம் அவனை அங்கயே விட்டிட்டு ஜெனரல்ட மானம் போச்சே, பதவி போகப்போகுதே எண்டு அவருக்குப் பின்னால போயிடும்.

எனக்கு படத்தோட உள்ள பெரிய மனவருத்தம் இதைவிட வேற. 1943 ஜூலை 14, அதே சிசிலியில பிஸ்காரி எண்ட இடத்தில பேட்டன்ட படைக்காரங்க சரணடைஞ்ச கைதிகள் 73 பேரைச் சுட்டாங்க, அனேகமா எல்லாரும் இத்தாலிக்காரங்க. ஒரு சார்ஜன்டும் ஒரு கேப்டனும் ராணுவக் கோர்ட்டுக்குப் போனாங்க, சார்ஜன்டுக்கு ஆயுள்தண்டனை, கேப்டனை விட்டிட்டாங்க. ரெண்டு பேரும் சொன்ன நியாயம், கரையில இறங்க முதல் பேட்டன் பேசின பேச்சை நாங்க அப்பிடித்தான் விளங்கிக்கொண்டம் எண்டு. செத்தவங்க ஒளிச்சிருந்து சுட்ட ஆக்கள், இல்லாட்டித் தப்பி ஓடப் பாத்த ஆக்கள் எண்டு அந்த ஒபிசரை உறுதிப்படுத்தச் சொன்னன் எண்டு பேட்டன் தன்ட டயரியிலயே எழுதி வைச்சிருக்கார். சுட்டுப்போட்டு பிறகு கடுதாசியில வேற மாதிரி எழுதுறது எண்டா என்னெண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. படத்தில இது ஒரு வரிகூட இல்ல. அடிச்சதைக் காட்டினாங்க, ஏனெண்டா அடிச்ச மனுசன் மன்னிப்புக் கேக்கலாம், பாக்கிற சனமும் மன்னிச்சிரும், படம் மேல போகும். 73 பேரைக் காட்டினா அதுக்குப் பிறகு அந்த மனுசன் குதிரையில வாறதை ஆர் ரசிக்கிறது?

மாமாவோட இருந்துதான் இந்தப் படத்தைத் திரும்பப் பாத்த நான், அவர் சரித்திரம் படிப்பிச்ச ஆள், பேட்டன்ட கட்சி. "மருமகன், நீங்க ஆளைப் பாக்கிறீங்க, நான் வேலையைப் பாக்கிறன், 44 டிசம்பர் என்ன நடந்தது எண்டு பாருங்க" எண்டு தொடங்கினார். அவர் சொல்றதும் பொய்யில்ல. பெல்ஜியத்தில அமெரிக்கப் படை இருந்த பாஸ்டோன் எண்ட ஊரை ஜெர்மன்காரன் சுத்தி வளைச்ச நேரம், மற்ற ஜெனரல்மார் யோசிச்சுக்கொண்டிருக்க இந்த ஆள் மூண்டு டிவிசனை பனிக்குள்ள வடக்குப் பக்கம் திருப்பி டிசம்பர் 26 அங்க போய்ச் சேந்திட்டார். இல்லாட்டி உள்ளுக்கு இருந்த பெடியன்கள்ட கதி வேற. ஆனா படத்தில அதுக்கு முந்தி வாற ஒரு சண்டை முடிஞ்ச இடத்தில, எரிஞ்ச டாங்கிகளையும் செத்துக்கிடக்கிற ஆக்களையும் பாத்துக்கொண்டு நிண்டு, கடவுளே எனக்கு இது விருப்பமாக் கிடக்கே எண்டு பேட்டன் சொல்ற இடத்தில நான் படத்தை நிப்பாட்டினன். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த நிக்சன் 1970ல கம்போடியாவுக்குள்ள படையை அனுப்ப முதல் திரும்பத் திரும்ப இந்தப் படத்தைத்தான் போட்டுப் பாத்தவராம், இதைக் கேட்டும் ஒராளுக்குத் தைரியம் வருமெண்டா அது எப்பிடி எண்டு மாமாட்ட கேட்டன். அதுக்கு அவர், பேட்டனுக்குப் பக்கத்தில பிராட்லி எண்ட ஜெனரல் எவ்வளவு நிதானமா வாறார் பாருங்க, உண்மையான பிராட்லிதான் படத்துக்கு ஆலோசகர், பிறகு அவர் நல்லவராத்தானே தெரிவார், அப்ப பேட்டன் கூடக் கெட்டவராத் தெரியிறதும் அதாலதான் எண்டார். முதல் பாதி சரி. ரெண்டாவது பாதிய நான் ஒத்துக்கொள்ளல்ல, டயரி எழுதினது பிராட்லி இல்லையே. மாமா அடுத்த லீவுக்கு வாற நேரம் சிசிலிப் பகுதிய மட்டும் ஒருக்காப் போட்டுப் பாப்பம் எண்டிருக்கார், பிஸ்காரியைப் பத்தி வாசிச்சதெல்லாம் நான் எடுத்து வைச்சிருக்கன்.