சளி மாதிரி எடுக்கும் முறைகள்: வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எங்கே மடக்குவார்கள்?

நுரையீரல் காசநோய்க்குச் சளி எடுக்கும் முறைகளின் பெயர்களை ஒப்பிப்பது எளிது. "இதை யாருக்கு எடுப்பீர்கள், ஏன்?" என்று கேட்டதும்தான் பலர் தடுமாறுகிறார்கள். எந்த நோயாளி, எந்த நேரம், எதனால் மாதிரி கெடும் என்ற மூன்றையும் சேர்த்தே படியுங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது சாதாரண இருமல் சளிக்கு. வந்த அன்றே ஒன்று, மறுநாள் காலை எழுந்ததும் ஒன்று என இரண்டு மாதிரிகள் எடுப்பது வழக்கம். இரவெல்லாம் தேங்கிய சளி என்பதால் காலை மாதிரியில் கிருமிகள் அதிகம். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழ மூச்சிழுத்து நிறுத்தி, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்பச் சொல்ல வேண்டும். அளவு 2 முதல் 5 மில்லி. இடம் திறந்தவெளி, காற்றோட்டமில்லாத கழிவறை கூடவே கூடாது. லேபிளை டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால், மூடி மாறும்போது நோயாளியும் மாறிவிடுவார்!

எச்சில் ஏன் உதவாது? ஸ்மியரில் (சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) கிருமி தென்பட ஒரு மில்லியில் சுமார் 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். எச்சில் கலந்து நீர்த்தால், நோய் இருந்தும் நெகட்டிவ் வரும்.

சளியே வராதவருக்கு நெபுலைசரில் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவி) ஹைபர்டானிக் சலைன், அதாவது செறிவான உப்புநீர், பெரும்பாலும் 3 சதவீதம். அது மூச்சுக்குழாய்க்குள் நீரை இழுத்துச் சளியை இளக்கி, இருமலையும் தூண்டும். மூச்சுக்குழாய் சுருங்கும் அபாயம் இருப்பதால் முன்னதாகவே மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் கொடுப்பார்கள். அருகில் நிற்பவருக்கு என்95 முகக்கவசம் கட்டாயம். இப்படி வரும் சளி எச்சில் போலவே நீர்த்திருக்கும். தூண்டி எடுத்தது என்று படிவத்தில் எழுதாவிட்டால் ஆய்வகம் நிராகரித்துவிடலாம். இந்த ஒரு வரியைத் தேர்வில் எழுதினால் விடை தனித்துத் தெரியும்.

சிறு குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் இரவு முழுக்க வெறும் வயிற்றில் வைத்து, காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மூக்குவழிக் குழாயால் இரைப்பை நீரை உறிஞ்சி எடுக்கிறோம். இரைப்பை அமிலம் கிருமியைக் கொல்லும். ஆய்வகத்துக்கு அனுப்பத் தாமதமானால் அமிலத்தைச் சமன்படுத்தச் சோடியம் பைகார்பனேட் சேர்க்க வேண்டும்.

பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது) கடைசி வழி. அதில் மரத்துப்போகப் பயன்படுத்தும் லிக்னோகெயினே கல்ச்சரில் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளர்வதைத் தடுக்கக்கூடும் என்பது வைவாவில் பிடித்தமான கேள்வி. பிராங்கோஸ்கோபிக்குப் பிறகு தானாக வரும் சளியையும் அனுப்ப வேண்டும் என்பதைப் பலரும் எழுத மறக்கிறார்கள்.