நேரமில்லாதவனின் ஜெபவேளை

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன் அடிக்கும். டியூட்டி போடும் ஆபீஸான லாபியிலிருந்து கால். "நாலு மணிக்கு சைன் ஆன், ஜோலார்பேட்டை வண்டி" என்பார்கள். சைன் ஆன் என்றால் டியூட்டி ஏற்பது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து உட்காருவேன். போன முறை கால் வந்தது மதியம் மூன்று மணிக்கு. அடுத்த முறை எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது, கால் கொடுப்பவருக்கும் தெரியாது. ஈரோட்டில் சரக்கு ரயில் ஓட்டும் கூட்ஸ் லோகோ பைலட்டாக இருக்கிற எனக்குப் பல வருஷமாக இதுதான் நாள்.

நான் வளர்ந்தது மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். இரவு எட்டு மணி என்றால் குடும்ப ஜெபம். ஒரு ஞானப்பாட்டு, ஆளுக்கு ஒரு வசனமாக வேத வாசிப்பு, பிறகு முழங்காலில் நின்று அம்மா ஜெபிப்பாள். தூங்கி விழுந்தால் தங்கச்சி இடித்து எழுப்புவாள். சபை உபதேசியார் வீட்டுப் பக்கம் போனால் அங்கேயும் அதே நேரத்தில் அதே ராகம் கேட்கும். எனக்கு ஜெபம் என்றாலே அந்த எட்டு மணிதான். அசிஸ்டென்ட் லோகோ பைலட்டாக வேலையில் சேர்ந்ததும் அந்த எட்டு மணி என் கையை விட்டுப் போய்விட்டது. இரவு எட்டு மணிக்குச் சில நாள் வண்டியில் இருப்பேன், சில நாள் வெளியூரில் நாங்கள் தங்கும் ரன்னிங் ரூமில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பேன்.

விட்டுவிடவில்லை. காலை நாலரைக்கு அலாரம் வைத்தேன். மூன்று நாள் நடந்தது, நாலாம் நாள் நாலரைக்கு நான் சேலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன், ஜெபித்த நாளுக்கு ஒரு டிக். நாற்பது நாள் உபவாச காலத்தில் தொடங்கியது, இரண்டாம் வாரத்தில் வெறும் கட்டங்களாக ஆனது. அம்மா போனில் "ஜெபம் பண்ணுறியாப்பா?" என்று கேட்பாள். "பண்ணுறேம்மா" என்பேன். போனை வைத்த பிறகு அந்தப் பொய் நெஞ்சில் கிடந்து உறுத்தும். ஆண்டவரிடம் போக முடியாமல் என்னைத் தடுத்தது சோம்பலைவிட அந்த வெட்கம்தான் என்று இப்போது நினைக்கிறேன். பத்து நாள் பேசாத தகப்பனிடம் பதினோராம் நாள் எப்படிப் போய் நிற்பது என்று தள்ளிப் போடுவோமே, அப்படி.

மாற்றம் வந்தது வேலையிலிருந்துதான். சைன் ஆன் பண்ணும்போது காஷன் ஆர்டர் கொடுப்பார்கள். எந்த கிலோமீட்டரில் எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கும். தினமும் போகிற செக்‌ஷன், நேற்று இருந்த அதே வரிகள். நான் அசிஸ்டென்டாக இருந்தபோது ஒரு சீனியர் அதை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பார். "தெரியும்னு நினைச்சுப் படிக்காம விடாதே தம்பி. அலுப்பா இருக்கிற அன்னைக்குத்தான் இது வேணும்" என்பார். சிக்னலும் அப்படித்தான். கண்ணால் பார்த்தால் போதாது. ஒருவர் வாய்விட்டு "டபுள் யெல்லோ" என்று சொல்ல வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மனம் எப்படி இருந்தாலும் சொல்ல வேண்டும். இத்தனை ஒழுங்கையும் ஒருநாளும் விடாத நான், ஜெபத்தை மட்டும் மனம் பொங்கி வரும்போது செய்கிற காரியமாக வைத்திருந்தேன்.

எனக்குக் கடிகாரம் கிடையாது, ஆனால் படிகள் உண்டு என்பது அப்போதுதான் புரிந்தது. மணி எதுவானாலும் கால் வரும். லாபிக்குப் போவேன். சைன் ஆன், சைன் ஆஃப் உண்டு. ரன்னிங் ரூம் கட்டில் உண்டு. நேரத்தில் கட்டி அறுந்துபோன ஜெபத்தை இந்தப் படிகளில் கட்டினேன். கால் வந்து போனை வைத்ததும், கட்டிலை விட்டு இறங்கும் முன், பரமண்டல ஜெபம். லாபிக்கு பைக்கில் போகும் பத்து நிமிஷம் வீட்டார் பெயர்கள், கூட வரப்போகிற அசிஸ்டென்ட், பின்னால் இருக்கும் கார்டு. கார்டுக்கு இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர், என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. இதை வாய்விட்டுச் சொல்கிறேன். மனதுக்குள் ஜெபித்தால் பாதி வழியில் எண்ணம் எங்கோ போய்விடுகிறது, சிக்னலைப் போல உரக்கச் சொன்னால் நிற்கிறது. சைன் ஆஃப் ஆனதும் ஒரு நன்றி, அன்றைக்கு யாரிடமாவது கோபப்பட்டிருந்தால் ஒரு மன்னிப்பு. வெளியூர் ரன்னிங் ரூமில் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், வரிசையாக, ஒரு டிரிப்புக்கு ஒன்று. ஓரத்தில் பென்சிலால் தேதியும் ஊரும் எழுதுவேன். 150 சங்கீதம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

ஓடும் வண்டியில் நீ ஜெபிப்பாயா என்று சபையில் கேட்பார்கள். கண்ணை மூடியோ உள்ளுக்குள் மூழ்கியோ ஜெபிக்க மாட்டேன், கூடவும் கூடாது. எஞ்சினில் விசிடி என்று ஒரு கருவி இருக்கிறது. அறுபது விநாடி நான் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், அப்புறம் ஒலி எழுப்பும், அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் போட்டுவிடும். அந்த இருக்கையில் விழித்திருப்பதுதான் என்னிடம் கேட்கப்படுகிற கடமை. மெயின் லைனை விட்டு ஒதுங்கிய லூப் லைனில் எங்களை நிறுத்திப் போட்டு எக்ஸ்பிரஸ்களை விடும்போது வேறு கதை. அங்கேயும் கண் புறப்பட அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னலில்தான் இருக்கும், ஆனால் ஒரு வரி சொல்ல இடம் உண்டு.

இந்த ஒரு வரி ஜெபத்தை நினைக்கும்போது எனக்கு வேதத்தில் வரும் நெகேமியா ஞாபகம் வருவார். அவரும் டியூட்டியில்தான் இருந்தார், ராஜாவுக்குப் பானபாத்திரக்காரர். அர்தசஷ்டா ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்கிறார். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணுகிறார். ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும், அவ்வளவுதான். அவசரக்காரருக்கு இது போதும் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது முழுசாகப் படவில்லை. முதல் அதிகாரத்தில் கிஸ்லேயு மாதத்தில் அழுது உபவாசித்துத் தொடங்கியவர், ராஜாவின் முன் நிற்பது நிசானில். நடுவே நாலு மாதம். அத்தனை நாள் ஜெபித்த வாயிலிருந்துதான் அந்த ஒரு மூச்சு வந்தது. அதனால் ஓய்வு நாளில் மட்டும் அரை மணி நேரம் தனியாக, மொட்டை மாடியில், எதையும் கேட்காமல் உட்காருகிறேன். அதை விட்ட வாரங்களில் பைக் ஜெபம் வெறும் பெயர்ப் பட்டியலாக ஆகிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இந்த ஒழுங்கு எதற்கு உதவியது என்று கேட்டால் ஒரு நாளைத்தான் சொல்ல முடியும். மாலை நேரம், நிலக்கரி லோடு. வளைவு திரும்பியதும் ஒரு ஆள் தண்டவாளத்தில் ஏறினார். ஹார்ன் அடித்தேன், எமர்ஜென்சி பிரேக் போட்டேன். முழு லோடு வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். அடுத்த ஸ்டேஷனில் நடந்ததை மெமோவாக எழுதிக் கொடுத்தேன், எழுதும்போது கை நடுங்கியது. அன்று ரன்னிங் ரூமில் வேதத்தைத் திறந்தால் வரிசையில் வந்தது 98ஆம் சங்கீதம். கர்த்தருக்குப் புதுப்பாட்டுப் பாடச் சொல்கிறது, ஆறுகள் கைகொட்டச் சொல்கிறது. என்னால் பாட முடியவில்லை. படித்தேன், அவ்வளவுதான். ஒன்றும் தோன்றவில்லை. ஓரத்தில் தேதியும் ஊரும் எழுதி மூடினேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது.

அதற்குப் பிறகு சொந்த வார்த்தையில் ஜெபிக்க வரவே இல்லை, பல வாரம். ஆனால் கால் வந்தது, போனை வைத்தேன், வாய் தானாகப் பரமண்டல ஜெபத்தைச் சொன்னது. அதில் எங்குமே "என்" இல்லை என்பதை அந்த வாரங்களில்தான் கவனித்தேன். எங்கள் பிதாவே, எங்கள் ஆகாரம், எங்கள் கடன்கள். பெயர் தெரியாத அந்த மனிதரையும் அவர் வீட்டாரையும் அந்த "எங்கள்" உள்ளே வைத்துச் சொல்ல முடிந்தது. எனக்கென்று சொல்ல அப்போது ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவிடம் முதல் முறையாக உண்மையைச் சொன்னேன், "வார்த்தை வரலம்மா, மனப்பாடமா இருக்கிறதைத்தான் சொல்றேன்" என்று. "அதையே சொல்லுப்பா, நாங்க மிச்சத்தைச் சொல்றோம்" என்றாள்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போனதாக வரும். நம் கணக்கில் மதியம் மூன்று மணி. சின்ன வயதில் அந்த வசனத்தைப் படிக்கும்போது எல்லா நாளும் அதே மணிக்குப் போக முடிந்தவர்கள் மேல் பொறாமையாக இருக்கும். இப்போது அப்படி இல்லை.

எட்டு மணி குடும்ப ஜெபத்தை ஈரோட்டு வீட்டில் என் மனைவி விடாமல் நடத்துகிறாள். நான் ரன்னிங் ரூமில் விழித்திருந்தால் போன் ஸ்பீக்கரில் சேர்ந்துகொள்வேன். மகள் முதலில் "இன்னைக்கு எந்த ஊருப்பா?" என்று கேட்பாள். போன செவ்வாய்க்கிழமை ஜோலார்பேட்டை. "ஆண்டவரே, ஜோலார்பேட்டையில இருக்கிற அப்பாவை..." என்று அவள் தொடங்கினாள். பக்கத்துக் கட்டிலில் தூங்கப் போன அசிஸ்டென்ட் தம்பி எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, என் பேரையும் சேர்த்துக்கச் சொல்லுங்க" என்றான். பேரைச் சொன்னேன். அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.